‘சத்தி வருது’ன்னா சக்தி வருதுன்னு அர்த்தம் இல்லை: புதுசா வந்த ஏதிலிகளும் நம்ம ஊர் ஆஸ்பத்திரியும்

மலைக்கோட்டை மருந்துக்கடை | திருச்சி | 12 அக்டோபர் 2025, இரவு 9.40

நேத்து மத்தியானம் கடையில நடந்ததைச் சொல்லிட்டு அப்புறம் கேள்விக்கு வர்றேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்குங்க.

கடை விமான நிலையம் போற ரோட்டுல. கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் முகாம் பக்கம்கிறதால அங்க இருந்து நிறைய பேர் வருவாங்க. நேத்து வந்தது ஒரு அம்மா, அறுபதை ஒட்டின வயசு. படகுல வந்து மண்டபம் முகாம்ல இருக்குறவங்க. வைத்தியம் பார்க்க அனுமதிக் கடிதம் வாங்கிட்டு இங்க தங்கச்சி வீட்ல வந்து தங்கியிருக்காங்க. கவுன்டர்ல வச்ச கை நடுங்குது. நெத்தியெல்லாம் வேர்வை, முந்தானை நனைஞ்சு போயிருக்கு. ‘தம்பி, தலை சுத்துது, ஒரு சோடா தாங்கோ’ன்னாங்க. உட்கார வச்சு விரல்ல குத்திப் பார்த்தா சர்க்கரை 52, ரொம்பக் கம்மி. குளுக்கோஸ் கரைச்சுக் குடுத்து, கால் மணி நேரம் கழிச்சுப் பார்த்தா 88. அப்பதான் முகத்துல உசுரு வந்துச்சு.

பையைக் காட்டுங்கம்மான்னேன். மஞ்சப்பை, உள்ள ரெண்டு உறை. ஒண்ணுல கிளிக்லசைடு 80, கொழும்பு விமானத்துல வந்த சொந்தக்காரர் கொண்டாந்து குடுத்தது. இன்னொண்ணு இங்க ஒரு பெரிய ஆஸ்பத்திரியில போன வாரம் குடுத்த கிளிமிபிரைடு. பேர்தான் வேற, ரெண்டும் ஒரே குடும்பத்து மாத்திரை. கணையத்தை விரட்டி இன்சுலின் சுரக்க வைக்கிறதுதான் ரெண்டோட வேலையும். காலையில ரெண்டையும் போட்டுட்டு, சமையல் தாமதமாகி, வெறும் வயித்தோட வெயில்ல நடந்து வந்திருக்காங்க.

ஏம்மா ரெண்டையும் போட்டீங்க? ‘இது எங்கட கிளினிக் குளிசை, அது இஞ்ச தந்தது. பழசை நிப்பாட்டு எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே.’ பழசை டாக்டர்கிட்ட காட்டினீங்களா? ‘கேட்கேல்லையே தம்பி.’

இலங்கையில சர்க்கரை, பிரஷர்காரங்களுக்கெல்லாம் கிளினிக் கொப்பின்னு ஒரு நோட்டு இருக்குமாம். எந்த மாத்திரை எத்தனை, என்னைக்கு ரத்தம் எடுத்தது, எல்லாம் அதுல எழுதியிருக்கும். அந்தக் கொப்பி எங்கன்னேன். பதிவுக் காகிதங்களோட ஒரே பையில போட்டு வச்சாங்களாம், பை மண்டபத்துல இருக்கு.

இதுல யார் மேலயும் பழி போட முடியல. டாக்டர் சரியான மருந்துதான் எழுதியிருக்கார், மருந்து இலவசம், அந்தம்மாவும் சொன்ன நேரத்துக்கு ஒழுங்கா போட்டிருக்காங்க. ஆனா அவங்க ரோட்டுல விழுந்திருந்தா?

கேள்வி இதுதான். புதுசா வர்ற ஒருத்தருக்கு ஆஸ்பத்திரி, பதிவு, ரேஷன், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாசல் இருக்கு. எல்லா வாசலுக்கும் கூடப் போற ஒரே ஆள்னு யாராவது இருக்காங்களா? இல்லைன்னா அப்படி ஒருத்தரை வைக்க என்ன வழி?

---

எதிர்க்கேள்வி | திருவாரூர் மாவட்டம் | 12 அக்டோபர், இரவு 10.15

அந்தம்மா பிழைச்சது சந்தோஷம், நீங்க செஞ்சது நல்ல காரியம். ஆனா கேக்க வேண்டியதை யாராவது கேக்கணும்.

எங்க அம்மாவுக்கும் சர்க்கரைதான். அவங்களுக்கு மட்டும் கூடப் போக ஆள் இருக்கா? நான் குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசல்ல கொட்டி வச்சுட்டு, தார்ப்பாயைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். மழை வேற. அம்மா தனியாத்தான் பஸ் ஏறிப் போய் வரிசையில நிக்கிறாங்க. கஜா அடிச்சப்ப (2018 நவம்பர் 16, மறந்திருக்க மாட்டீங்க) ரெண்டு வாரம் தெருவுக்குத் தெரு மருத்துவ முகாம். மூணாவது வாரம் ஒருத்தரையும் காணோம். தென்னை போன கவலையில தூக்கம் போனவங்க இன்னும் எங்க ஊர்ல இருக்காங்க.

உள்ளூர்க்காரனுக்கே இல்லாததை வந்தவங்களுக்குக் கேட்டா ஊருக்குள்ள மனக்கசப்புதான் வரும். இது வெறுப்பு இல்ல, நடைமுறை.

---

ஓய்வுபெற்ற செவிலி | கும்பகோணம் | 13 அக்டோபர், காலை 6.05

எதிர்க்கேள்வி தம்பி, உங்க அம்மாவுக்கும் ஆள் வேணும்தான். ஆனா ஒரு வித்தியாசத்தைப் பாருங்க. உங்க அம்மா ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனா, ‘என்ன ஆச்சி, போன மாசம் வரலயே’ன்னு கேக்க அங்க ஒரு நர்ஸ் இருப்பா. மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு (2021 ஆகஸ்டு) மாத்திரை வீட்டுக்கே வருது. வர்ற பொண்ணுக்கு உங்க வீட்டு நாய் பேர்கூடத் தெரியும். புதுசா வந்தவங்களுக்கு இல்லாதது அந்தப் பழக்கம்தான். மாத்திரை எப்படியோ கிடைச்சிடும்.

நான் கிராம சுகாதார செவிலியரா முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். 1990ல ரெண்டாவது தடவையா படகு படகா வந்தாங்களே, அப்ப திருச்சிப் பக்கம் ஒரு முகாம் எங்க எல்லைக்குள்ள இருந்துச்சு. குடோன்ல சேலையைக் கட்டித் தடுத்து, பத்துக்குப் பத்து இடத்துல ஒரு குடும்பம். ஒரு கைக்குழந்தைக்கு நாலு மாசம்தான் ஆச்சு, நாங்க கணக்குப் போட்டா ஊசி எல்லாம் ‘விட்டுப்போச்சு’. தாயைத் திட்டிட்டேன். அவ ஒண்ணும் சொல்லாம நின்னா. அப்புறம் பக்கத்துல இருந்த பெரியவர்தான் சொன்னார், அங்க ஊசி போடுற மாசக் கணக்கே வேறன்னு. நம்மள்ல ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாசம். அங்க இப்ப ரெண்டு, நாலு, ஆறு மாசம். அந்தத் தாய் ஒரு ஊசியும் தவறவிடல. அட்டையைக் கேட்டு வாங்கிப் படிக்காம நான் வாயைத் திறந்ததுதான் தப்பு. இன்னிக்கும் நினைச்சா கூசும்.

புதுசா வர்ற குழந்தையைப் பார்க்கிற நர்சுகள் இதை மனசுல வச்சுக்கணும். அட்டை தொலைஞ்சிருந்தா பரவாயில்ல, முதல்லேருந்து ஒரு கணக்குப் போட்டு ஆரம்பிக்கலாம். அட்டை இருந்தா அதை மதிக்கணும்.

இன்னொண்ணும் சொல்லணும். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் தற்காலிகக் குடியிருப்புகள்ல கொஞ்ச நாள் பணி. அங்க உதவிக்குப் பஞ்சமே இல்ல. ஒரே வீட்டுக்கு நாலு பேர் நாலு படிவத்தோட வருவாங்க. ‘உங்க வீட்ல யார் இறந்தாங்க?’ன்னு நாலு தடவை கேப்பாங்க. அஞ்சாவது ஆளா நான் போனப்ப ஒரு மீனவப் பெண் கதவைச் சாத்திட்டா. அவ மேல எனக்குக் கோபமே வரல. மலைக்கோட்டை சொல்ற ‘ஒரே ஆள்’ எதுக்குன்னு அன்னிக்கே புரிஞ்சுது.

---

தொண்ணூறில் வந்தவன் | திருச்சி | 13 அக்டோபர், இரவு 8.30

அம்மா, அந்தக் குடோனில நானும் இருந்திருக்கலாம். 1990ல எனக்கு ஆறு வயசு.

நான் இங்கயே படிச்சு, பி.காம். முடிச்சு, இப்ப பெயிண்டிங் கான்ட்ராக்ட் எடுக்கிறேன். முகாம்ல ஆம்பிளைகள் முக்கால்வாசிப் பேர் பெயிண்டிங்தான், ஏன்னு கேட்டா அது தனிக் கதை. பேச்சு பாதி திருச்சி, பாதி வவுனியா. வீட்டுக்குள்ள ஒண்ணு, சைட்டில ஒண்ணு.

மலைக்கோட்டை அண்ணே கடைக்கு வந்த அம்மாவை எனக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில நடந்த இன்னொண்ணை அவங்க தங்கச்சி சொல்லிச் சிரிச்சாங்க, சிரிப்புத்தான் வந்தது, ஆனா யோசிச்சா சிரிப்பில்லை. அந்த அம்மா டாக்டரிட்ட ‘சத்தி வருது’ எண்டிருக்காங்க. எங்களுக்குச் சத்தி எண்டா வாந்தி. பக்கத்தில நிண்ட உதவியாளர் ‘சக்தி வருதா, நல்லதுதானே, மாத்திரை வேலை செய்யுது’ன்னு சொல்லியிருக்கார். பிறகு ‘சலம் போகேக்க எரியுது’ன்னு சொன்னதுக்கு, எங்க சீழ் வடியுதுன்னு காலைத் தூக்கிப் பார்த்தாங்களாம். சலம் எண்டா எங்களுக்கு மூத்திரம், இங்க சீழ். கால் ‘விறைக்குது’ எண்டா மரத்துப் போச்சு எண்டு அர்த்தம். இங்க விறைப்புன்னா குளிர், இல்லாட்டி மடக்க முடியாத பிடிப்பு. சர்க்கரைக்காரருக்குக் கால் மரத்துப் போறது எவ்வளவு முக்கியமான விஷயம்! அது அட்டையில ஏறவே இல்லை.

வேற மொழிக்காரன் வந்தா மொழிபெயர்க்க ஆள் தேடுவாங்க. நாங்க தமிழ் எண்டபடியால் ஒருத்தரும் தேடுறதில்லை.

எதிர்க்கேள்வி அண்ணனுக்கு: 2021ல முகாம்களுக்கு 317 கோடியே 40 லட்சம் ரூபாய்க்குத் திட்டம் அறிவிச்சாங்க, 7,469 வீடு திருப்பிக் கட்டுறது அதில ஒண்ணு. அகதி முகாம் எண்ட பேரையே மறுவாழ்வு முகாம் எண்டு மாத்தினாங்க. உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,000 இருந்தது 1,500 ஆச்சு. மத்த பெரியவங்களுக்கு 1,000, பன்னிரண்டு வயசுக்குக் கீழ பிள்ளைக்கு 500. நன்றி மறக்கேல்லை. ஆனா அது எல்லாம் எங்களைப் போல பழைய பதிவுக்காரரை நினைச்சு வந்தது. 2022 மார்ச்சில அரிச்சல்முனைப் பக்கம் முதல் முதல் வந்து இறங்கினாங்களே, பால்மாவும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல், அவங்களும் அதுக்குப் பிறகு வந்தவங்களும் வேற கணக்கு.

---

தஞ்சை வக்கீல் | 13 அக்டோபர், இரவு 11.20

அந்த ‘வேற கணக்கு’ என்னவென்று சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஏதிலிகளுக்கான 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஏதிலிக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. எல்லாம் அரசாணை, சுற்றறிக்கை, சலுகை. கடந்த செப்டம்பர் தொடக்கத்தில் ஒன்றிய உள்துறை ஓர் ஆணை போட்டது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டு, விசா இல்லாமல் இருப்பதற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு. நல்ல ஆணை. ஆனால் தேதியைக் கவனியுங்கள். 2022இல் வந்தவர் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்.

இது மருத்துவத்தை எப்படித் தொடுகிறது? நேரடியாக இல்லை. உயிர் வாழும் உரிமை குடிமகனுக்கு மட்டுமல்ல, இந்த மண்ணில் நிற்கும் யாருக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சக்மா ஏதிலிகள் வழக்கில் சொல்லியாயிற்று. அவசரச் சிகிச்சையை எந்த அரசு மருத்துவமனையும் மறுப்பதில்லை. சிக்கல் அடுத்த படியில்தான். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் முகாம்வாசிகளுக்கு வருமான வரம்பே கிடையாது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால் ‘முகாம்வாசி’ என்று சொல்ல ஒரு பதிவு வேண்டும். பதிவு மண்டபத்தில் இருக்க, ஆள் திருச்சியில் இருந்தால் எந்த அலுவலகம் கையெழுத்துப் போடும்? ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு அனுப்புவார்கள். யாரும் ‘முடியாது’ என்று சொல்வதில்லை, ‘அங்கே போங்கள்’ என்றுதான் சொல்வார்கள்.

என் அனுபவத்தில் கட்சிக்காரரின் பாதி நோய் இந்த ‘அங்கே போங்கள்’தான்.

---

மெல்போர்ன் மன்னை | மன்னார்குடி, இப்போ ஆஸ்திரேலியா | 14 அக்டோபர், அதிகாலை 4.50

நான் இங்கே நர்ஸ். புதிதாக வருகிற ஏதிலிக் குடும்பங்களைப் பார்க்கிற சமூக மருத்துவ நிலையத்தில் சில வருஷம் இருந்தேன். சிரியா, பர்மா, ஆப்கானிஸ்தான் ஆட்கள்தான் அதிகம்.

இங்கே மனிதாபிமான விசாவில் வந்து இறங்கியதும் ஒரு குடும்பத்துக்கு ஒரு பொறுப்பாளர். வீடு பார்ப்பது, வங்கிக் கணக்கு, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, முதல் முறை மருத்துவரிடம் அழைத்துப் போவது, எல்லாம் அவர் வேலை. பதினெட்டு மாதம் வரை இது நீளலாம். வந்த முதல் ஒரு வருஷத்துக்குள் முழு உடம்புப் பரிசோதனை ஒன்றுக்கு அரசு காப்பீடே தனியாகப் பணம் தருகிறது. அது சாதாரணமாகப் பத்து நிமிஷத்தில் முடிகிற பார்வை இல்லை. ரத்தம், காசநோய், ஊசிக் கணக்கு, பல், கண், தூக்கம் எப்படி என்பது வரை உட்கார்ந்து கேட்கலாம். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் வருவார்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். ஓர் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. மூன்று முறை மருந்து மாற்றியாயிற்று. கடைசியில் கூட வந்த பொறுப்பாளர்தான் கண்டுபிடித்தார்: வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தப் போவதாகக் கடிதம் போட்டிருக்கிறார். அது ஆங்கிலத்தில் இருந்ததால் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று நினைத்து அந்தம்மா ஒரு மாதமாகத் தூங்கவே இல்லை. கடிதத்தைப் படித்துச் சொன்ன பிறகு அழுத்தம் இறங்க ஆரம்பித்தது. டாக்டர் மட்டும் இருந்திருந்தால் நாலாவது மாத்திரையும் சேர்ந்திருக்கும்.

ஆனால் இங்கே எல்லாம் பொன்னாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். இந்த உபசாரம் விசாவோடு விமானத்தில் வந்தவருக்கு. 2013 ஜூலை 19க்குப் பிறகு படகில் வந்தவர்களுக்கு இந்த மண்ணில் குடியேற வழியில்லை என்றார்கள், நவுறு, மானுஸ் தீவுகளில் இருந்த தடுப்பு முகாம்களுக்கு அனுப்பினார்கள். அங்கே பல வருஷம் கிடந்து மனம் உடைந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன், நம் தமிழ்ப் பிள்ளைகளும் அதில் உண்டு. ஒரே நாடுதான், ஒரு வாசலில் ஆரத்தி, இன்னொரு வாசலில் வேலி.

---

பயிற்சி மருத்துவர் | டெல்டாவில் ஓர் ஊர் | 14 அக்டோபர், இரவு 11.55

இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தம்மா என் மேஜைக்கு வந்திருந்தால் நானும் அதே மாத்திரையைத்தான் எழுதியிருப்பேன். பழைய மாத்திரை இருக்கிறதா என்று கேட்டிருப்பேனா? திங்கட்கிழமை காலை என்றால் சத்தியமாகத் தெரியாது. வரிசை மரத்தடி வரை நிற்கும், ஓர் ஆளுக்கு இரண்டு நிமிஷம்.

அதனால் மலைக்கோட்டை அண்ணன் கேட்கிற ஆள் எங்களுக்கும் தேவை. கூட வருகிறவர் ஒரு துண்டுச் சீட்டில் மூன்று வரி எழுதிக்கொண்டு வந்தால் போதும்: என்ன மருந்து ஏற்கெனவே ஓடுகிறது, எத்தனை நாளாக என்ன தொந்தரவு, வீட்டில் சமைக்க இடமும் நேரத்துக்குச் சாப்பாடும் இருக்கிறதா. மூன்றாவது கேள்வி எங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கும், மேஜையில் இருக்காது. இன்சுலின் எழுதிவிட்டு, அதைக் குளிர்ச்சியாக வைக்க அந்த வீட்டில் இடம் உண்டா என்று கேட்காமல் அனுப்பியிருக்கிறேன். நண்பர் ஒருவர் சொல்லித்தான் பிறகு மண்பானைக்குள் ஈர மணல் வைத்து அதில் வைக்கச் சொல்லிக்கொடுத்தேன்.

மனநலம் பற்றி ஒன்று. ‘யோசனையா இருக்கு டாக்டர்’ என்று ஒருவர் சொன்னார். சரி, யோசியுங்கள், அறுவைச் சிகிச்சைக்கு நாளை முடிவு சொல்லுங்கள் என்றேன். அவர் சொன்னது அதுவா?

---

மட்டக்களப்பாள் | டொரொண்டோ | 15 அக்டோபர், காலை 7.10

இல்லை டொக்டர், அது இல்லை. ‘ஒரே யோசனை’ எண்டால் மனசு ஆறுதில்லை, நித்திரை இல்லை, நடந்ததையே திரும்பத் திரும்ப நினைக்கிறன் எண்டு அர்த்தம். ‘அந்தரமா இருக்கு’ எண்டாலும் கவனிக்க வேணும். விசர் (பைத்தியம்) எண்டு பேர் வந்திடும் எண்ட பயத்தில எங்கட ஆக்கள் மனவருத்தம் எண்டு நேரா சொல்ல மாட்டினம். தலையிடி, நெஞ்சு நோ, கை கால் உளைவு எண்டுதான் சொல்லுவினம். இன்னொண்டு, யாழ்ப்பாணத்துப் பேச்சும் எங்கட மட்டக்களப்புப் பேச்சும் ஒண்டில்லை, மலையகம் வேற, மன்னார் வேற. ஒரு பட்டியல் போட்டு எல்லாருக்கும் அதுதான் எண்டு நினைச்சிடாதேங்கோ.

இஞ்ச கனடாவில நடந்த ஒண்டையும் சொல்ல வேணும். ஏதிலிகளுக்கு இடைக்கால மருத்துவக் காப்புத் திட்டம் ஒண்டு எனக்குத் தெரிஞ்ச காலம் முழுக்க இருந்தது. 2012ல அரசாங்கம் காசு மிச்சம் பிடிக்க எண்டு அதில கன விசயத்தை வெட்டினது. வெள்ளைக் கோட்டு போட்ட டொக்டர்மார் தெருவில இறங்கிக் கத்தினவை. 2014ல ஃபெடரல் கோர்ட் அந்த வெட்டைக் கொடூரம் எண்டு சொல்லிப் போட்டுது. 2016ல முழுக்கத் திருப்பித் தந்தவை. அந்த நாலு வருசத்தில கிளினிக்குக்கு வர வேண்டிய ஆக்கள் அவசரப் பிரிவுக்குத்தான் வந்தவை. வீட்டுக்கணக்கு பாக்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இந்தக் கணக்குப் பிழை எண்டு அண்டைக்கே சொல்லியிருப்பாள்.

---

எதிர்க்கேள்வி | 15 அக்டோபர், இரவு 9.00

நெல்லை எடுத்துக்கிட்டாங்க. ஈரப்பதம் கூடன்னு சொல்லி ரெண்டு நாள் காய வச்சு, அப்புறம்தான். இப்பதான் எல்லாத்தையும் படிச்சேன்.

செவிலி அம்மா சொன்ன பழக்கம்ங்கிற வார்த்தை சரி, ஒத்துக்குறேன். ஆனா என் கேள்வி அப்படியேதான் நிக்குது: யார் சம்பளம் குடுப்பா? ஆஸ்திரேலியாக்காரங்க மாதிரி பொறுப்பாளர் போட்டா அது ஒரு அலுவலகம் ஆகும், அலுவலகத்துக்கு ஒரு படிவம் வரும், அந்தம்மா அஞ்சாவது வாசல்ல நிப்பாங்க. இதை அரசாங்கம் புதுசா ஆரம்பிக்க வேண்டாம். முகாம்லயே நர்சிங் படிச்ச பொண்ணுங்க இருக்கும்ல? மகளிர் குழு இருக்கும்ல? நம்ம ஊர்ல சுய உதவிக் குழுப் பொண்ணுங்கதானே வீடு வீடா மாத்திரை கொண்டு போறாங்க.

இன்னொண்ணு. கூடப் போற ஆள் முகாம்காரங்களுக்கு மட்டும்னு வைக்காதீங்க. அந்தத் தெருவுல தனியா இருக்குற உள்ளூர்க் கிழவியையும் அதே பொண்ணு கூட்டிட்டுப் போகட்டும். கசப்பு வராது.

---

தொண்ணூறில் வந்தவன் | 15 அக்டோபர், இரவு 9.45

அண்ணே, நர்சிங் முடிச்ச பிள்ளைகள் இருக்கு. குடியுரிமை இல்லாததால அரசு வேலை கிடையாது. தனியார்ல குறைஞ்ச சம்பளத்துக்கு இரவுப் பணி பார்க்குதுகள். சரியான மொழி தெரிஞ்ச, சரியான படிப்புப் படிச்ச ஆள் முகாம் வாசல்லயே இருக்கு, ஆனா அந்த மேஜையில உக்கார முடியாது. நீங்க சொன்ன உள்ளூர்க் கிழவி யோசனை நல்லாயிருக்கு. எங்கம்மாவும் இப்ப உள்ளூர்க் கிழவிதான், முப்பத்தஞ்சு வருசம் ஆச்சு.

நாப்பது வருசமா எங்களுக்காக வேலை செய்யிற எங்கட ஆட்களோட அமைப்பும் இருக்கு. 1984ல சந்திரகாசன் ஐயா தொடங்கினது, ஓஃபர் (OfERR) எண்டுதான் எல்லாரும் சொல்லுவம். ஆரம்பத்தில இருந்தே முகாம் பிள்ளைகளையே பழக்கி சுகாதாரம், படிப்பு எல்லாம் பார்க்க வச்சது அவங்கதான். அதனால புதுசாக் கண்டுபிடிக்க ஒண்ணும் இல்லை. மண்டபத்தில இறங்கின அண்டைக்கே அந்த மாதிரி பழக்கின ஒரு பிள்ளையின்ர ஃபோன் நம்பர் வந்தவர் கையில இருந்தாப் போதும். அந்தப் பிள்ளை ஊசி அட்டை, கிளினிக் கொப்பி, பள்ளிச் சான்றிதழ் எல்லாத்தையும் ஃபோட்டோ எடுத்து வந்தவருக்கே அனுப்பிடணும். பை எங்க கிடந்தாலும் கொப்பி அவர் கையில இருக்கும்.

---

ஓய்வுபெற்ற செவிலி | 16 அக்டோபர், காலை 5.50

ஃபோட்டோ யோசனை அருமை. ஒரு எச்சரிக்கை மட்டும். காசநோய், மனநலம், பெண்கள் விஷயம் எழுதின தாளை யார் ஃபோன்லயும் வச்சுக்கக் கூடாது, எடுத்த உடனே அழிச்சிடணும். முகாம் சின்ன இடம், சேதி தண்ணி மாதிரி ஓடும். ஒரு பொண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நின்னு போனதை நான் பார்த்திருக்கேன், சளிப் பரிசோதனைக்குப் போனாங்கிற ஒரே காரணத்துக்காக. அவளுக்கு நோயே இல்ல.

---

மலைக்கோட்டை மருந்துக்கடை | 16 அக்டோபர், இரவு 10.10

எல்லாருக்கும் நன்றி. நான் செஞ்சதைச் சொல்றேன், பெருசா ஒண்ணும் இல்ல.

காலண்டர் அட்டையின் பின்பக்கம் ரெண்டு பத்தியா எழுதி கடையில தொங்கவிட்டிருக்கேன். குளிசை – மாத்திரை. சத்தி – வாந்தி. வயித்தால போறது – பேதி. தடிமன் – ஜலதோஷம். முட்டு – இழுப்பு, வீசிங். சலரோகம், சீனி வருத்தம் – சர்க்கரை. விறைப்பு – மரத்துப் போதல். நோ – வலி. யோசனை, அந்தரம் – உட்கார வச்சுக் கேக்கணும். கடைசி வரியை சிவப்பு மசியில எழுதினேன். மட்டக்களப்பு அக்கா சொன்ன மாதிரி கீழ கொஞ்சம் இடம் விட்டிருக்கேன், வர்றவங்க சேர்க்கட்டும். இன்னிக்கு ஒரு மலையகத்துத் தாத்தா வந்து படிச்சிட்டு, ‘எங்களுக்கு இதெல்லாம் வேணாம் தம்பி, நாங்க உங்க பேச்சுதான்’னு சிரிச்சுட்டுப் போனார். அவர் பாட்டன் போனதே திருச்சி ஜில்லாவுல இருந்துதானாம்.

அந்தம்மாவை நேத்து முகாம்ல நர்சிங் முடிச்ச ஒரு பொண்ணு கூட்டிட்டுப் போச்சு. ரெண்டு உறையையும் மேஜையில வச்சிருக்கா. டாக்டர் கிளிக்லசைடை நிப்பாட்டி, அட்டையில கொட்டை எழுத்துல எழுதிக் குடுத்தார். கால் மரத்ததையும் பார்த்தார். மறுபடி வர வேண்டிய நாள்: 22ஆம் தேதி, தீபாவளி முடிஞ்ச புதன்.

---

தொண்ணூறில் வந்தவன் | 16 அக்டோபர், இரவு 10.40

அண்ணே, அந்த அம்மாவுக்கு மண்டபத்தில நேரில வந்து கையெழுத்துப் போடச் சொன்ன தேதியும் 22தான். அனுமதி அதுவரைக்கும்தான். தங்கச்சி இப்பதான் சொன்னாங்க.

---

தஞ்சை வக்கீல் | 16 அக்டோபர், இரவு 10.52

அந்த ஆஸ்பத்திரி அட்டையையும் அனுமதிக் கடிதத்தையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பச் சொல்லுங்கள். நீட்டிப்புக்கு மனு எழுதித் தருகிறேன். நாளை வெள்ளி. நாளைக்குள் போய்ச் சேராவிட்டால் திங்கள் தீபாவளி விடுமுறை, அதன் பிறகு கையில் நாளே இருக்காது.

---

எதிர்க்கேள்வி | 16 அக்டோபர், இரவு 11.05

நாளைக்குக் காலையில நான் ராமநாதபுரம் பக்கம் விதைக்காக வேனை எடுத்துட்டுப் போறேன். மண்டபத்துல யார்கிட்ட அந்தக் காகிதத்தைக் குடுக்கணும்னு மட்டும் சொல்லுங்க. அந்தம்மா பையையும் எடுத்துட்டு வரணுமா?